தேர்த் தெருவுக்குக் குறுக்கே ஒரு வயர்

எங்கள் அலுவலகத்து வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. கடற்கரையில் ஒரு வண்டி டவர் நிற்கிறது. கீழே, இப்போது வேலையில் இருக்கும் ஒருவர் எழுதியிருந்தார்: "திருவிழாவுக்கு வண்டி கொண்டுவந்தால், ஒரு ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பச் சொல்லி ஊர்க்காரர்கள் சண்டை போடுகிறார்கள். மீனுக்கா நெட்டு?" அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். ஓய்வு பெற்றவர்கள்கூடச் சிரித்து வைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல் வந்தது. அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தேன். போன் திரையில் அடங்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வண்டி டவர் தெரியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு லாரி. அதன் முதுகில் நீட்டி மடக்கும் இரும்புக் கம்பம். கம்பத்து உச்சியில் ஆள் உயரத்துக்கு மூன்று பலகைகள். அவைதான் ஆன்டெனா. ஒவ்வொரு பலகையும் தன் முகம் பார்க்கிற பக்கத்துக்குத்தான் சிக்னல் கொடுக்கும். முதுகுப் பக்கம் நிற்கிறவனுக்கு ஒன்றும் கிடைக்காது. சின்ன ஊரில் பெருங்கூட்டம் கூடினால் ஊர் டவர் திணறிப்போகும். அப்போது இந்த லாரியைக் கொண்டுபோய் நிறுத்தி, விழா முடியும்வரை நெட் கொடுத்துவிட்டு மடக்கி எடுத்து வருவோம். என் வேலையின் கடைசி ஆண்டுகள் முழுக்க இதில்தான் போனது.

அதற்கு முந்தியது அதிகம் இல்லை. கொட்டாரம் பக்கம் வயல் வரப்பில் போஸ்ட் நட்டு டெலிபோன் வயர் இழுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சி என்று சில மாதம் உட்காரவைத்துக் கரும்பலகையில் படம் போட்டார்கள். வேலையைப் படித்தது போஸ்டின் மேலேதான். பிறகு லேண்ட்லைன் செத்தது. எங்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னையும் போகச் சொன்ன அதிகாரியிடம், "நீங்க போங்க சார், எனக்கு இன்னும் ஏற வருது" என்று சொல்லிவிட்டு வண்டி டவருக்கு மாறிக்கொண்டேன்.

வண்டியை நிறுத்துவது லாரி நிறுத்துகிற மாதிரி இல்லை. கடற்கரை மணலில் நான்கு மூலையிலும் ஜாக்கியை இறக்கினால் அது பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டிருக்கும். அடியில் தடிப்பலகை போட வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். எர்த் கம்பி அடிக்க வேண்டும். கம்பம் மேலே ஏற ஏற, அதை மூன்று பக்கமும் இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பிகளை ஒன்றுபோலத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். ஒன்று முந்தினால் கம்பம் சாயும். உப்புக்காற்று உள்ளே போகாமல் ஒவ்வொரு இணைப்பிலும் ரப்பர் டேப் சுற்ற வேண்டும். இதில் ஒன்றையும் லேப்டாப் செய்யாது. இன்று வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி, லேப்டாப்பில் எல்லாம் பச்சையாக இருக்கிறது என்று ஒரு படம் எடுத்து மேலே அனுப்பிவிட்டு ஏசி அறைக்குப் போய்விடுகிறார்கள்.

பச்சை என்ற சொல்லையே நம்பாதவர் எங்கள் ஜமீலா மேடம். கோட்டாறுக்காரர், எங்கள் பொறியாளர். யாரையும் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. நாம் என்ன சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "பாத்தியளா, கேட்டியளா?" கண்ணால் பார்த்தாயா, யாராவது சொல்லிக் கேட்டாயா என்று அர்த்தம். கேட்டேன் என்று சொன்னால் கோபிக்க மாட்டார். குடையை எடுத்துக்கொண்டு அவரே கிளம்பிவிடுவார். அது நமக்கு அடி வாங்கியதைவிடக் கேவலமாக இருக்கும்.

அவர் சோதிக்கிற முறையும் தனி. மலிவான போன் ஒன்று வைத்திருந்தார். நல்ல போனில் எல்லா இடத்திலும் எடுக்கும், கூட்டத்தில் பாதிப் பேரிடம் இருப்பது இதுதான் என்பார். மைதானத்து மூலை, கழிப்பறைப் பக்கம், வண்டிகள் நிறுத்துகிற இடம் என்று நடந்து, ஒவ்வொரு இடத்திலும் நின்று வீட்டுக்குப் போன் போடுவார்.

"உம்மா, மீனு வந்துதா? செரி, வைக்கேன்."

அடுத்த மூலையில் மறுபடி, "உம்மா, மீனு வந்துதா?"

கொஞ்ச நேரத்தில் உம்மாவின் சத்தம் எனக்கே கேட்கும். "ஏட்டி, ஒனக்கு ஆபீசுல வேற சோலியே இல்லையா?"

"சோலியே இதுதாம்மா."

ஒருமுறை வட்டக்கோட்டையில் ஒரு விழா. ஏற்பாடு செய்த ஆள், வண்டி தெரிந்தால் படத்தில் அசிங்கமாக இருக்கும், கோட்டை மதிலுக்குப் பின்னால் நிறுத்துங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றான். கருங்கல் மதில். நான் கத்தத் தொடங்கினேன். மேடம் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். சொன்ன இடத்திலேயே நிறுத்தச் சொன்னார், கம்பம் ஏற்றச் சொன்னார். பிறகு அவனை மதிலுக்கு இந்தப் பக்கம் கூட்டிவந்து தன் போனைக் கொடுத்து, "ஒங்க வீட்டுக்கு ஒரு விளி போடுங்க" என்றார். அவன் போட்டுப் போட்டுப் பார்த்தான். "இப்ப பாத்தியளா?" என்று மட்டும் கேட்டார். வண்டியை எடுத்து முன்னால் நிறுத்தினேன். எனக்கு இரட்டை வேலை.

இனி, வாட்ஸ்அப் படத்தில் இருந்த அந்தக் கடற்கரை ஊர். பெயர் வேண்டாம். தேவாலயத்தைக் கோவில் என்றுதான் அங்கே சொல்வார்கள். கோவில் திருவிழாவின் கடைசி நாள் தேர். ஊர் ஆண்களில் பாதிப் பேர் வளைகுடாவில், மிச்சம் கடலில். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் தேரைப் பார்க்க வேண்டும் என்று விழாக்குழு நேரலை ஏற்பாடு செய்திருந்தது. அதற்கும் கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் எங்கள் வண்டி. தலைமையிடத்தில் இருந்து வந்த வரைபடத்தில் ஒரு பலகை கோவில் மைதானத்துக்கு, ஒன்று தேர்த் தெருவுக்கு, ஒன்று மேடைக்கு. கடலுக்குப் பலகை இல்லை. தேர் நாளில் அந்த ஊரில் ஒரு வள்ளமும் கடலுக்குப் போகாது. அது அவர்கள் வழக்கம். அதனால் நாங்களும் கேட்கவில்லை.

வண்டிக்கு நெட் கண்ணாடி இழை வயரில் வர வேண்டும். அந்த வயர் தெருவுக்கு எதிர்ப்பக்கம் பள்ளிக்கூடத்துப் பெட்டியில் இருந்தது. தெருவுக்குக் குறுக்கே இரண்டு விளக்குக் கம்பங்களில் கட்டி இழுத்திருந்தேன். தேர் உயரம் அதைவிட அதிகம். தேர் வரும்போது வயரைக் கழற்றுவேன், தேர் தாண்டியதும் மாட்டுவேன் என்று விழாக்குழுச் செயலாளர் சேவியரிடம் பேசி வைத்திருந்தேன். சேவியர் கரையில் மீன் ஏலம் விடுகிறவர். ஒலிபெருக்கி இல்லாமலே ஊருக்கெல்லாம் கேட்கிற குரல்.

வெயில் சாயத் தொடங்கியபோது ஒரு பெண் வண்டியிடம் வந்தாள். செலின் என்று பெயர். பட்டுச்சேலை கட்டியிருந்தாள், தலை வாரவில்லை. கையில் போன்.

"அண்ணாச்சி, இந்த டவரு கடலுக்கு எடுக்குமா?"

எடுக்காது என்றேன். அவள் போகவில்லை. அவள் புருஷன் சூசை இரண்டு பேரோடு விடியும் முன்னே கடலுக்குப் போயிருக்கிறான். முந்திய நாள் போட்ட வலையை எடுத்துக்கொண்டு தேருக்கு முன்னால் வந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறான். வரவில்லை. மத்தியானம் ஒரு குரல் செய்தி மட்டும் எப்படியோ வந்து விழுந்திருக்கிறது. போட்டுக் காட்டினாள். காற்றுச் சத்தத்துக்கு நடுவே ஒரு ஆள் கத்துகிறான்: "இஞ்சின் நின்னு போச்சி. கோயிலும் மருந்துவாழ் மலை உச்சியும் ஒண்ணா நிக்கு. ஆளு அனுப்பு..." அதோடு அறுந்துவிட்டது.

பக்கத்து ஊர் வள்ளங்கள் இரண்டு போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பிவிட்டன. அதிகாரிகளுக்குச் சொல்லியாகிவிட்டது, வருகிறோம் என்றார்கள். தேருக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் எங்களுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னான்: "தேரு நாளுல கடல்ல எறங்குனா இப்பிடித்தாம்ல." செலின் திரும்பிப் பார்த்து, "ஒனக்குப் பொண்டாட்டி உண்டுல்லா? அவகிட்ட போய்ச் சொல்லு" என்றாள். அவன் பூவுக்குள் முகத்தை வைத்துக்கொண்டான்.

மேடம் அந்தச் செய்தியை மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். பிறகு கேட்டார், "கோயிலும் மலையும் ஒண்ணா நிக்குன்னா?"

"கணியம் மேடம். கடல்ல இருந்து பாத்தா கோயிலு முன்னால, மலை அதுக்கு நேரே பொறத்தால. அந்த நேருல கெடக்காவ."

எங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. டவருக்கு டவர் நேர் பார்த்துத் தட்டு ஆன்டெனா வைக்கிறபோது நாங்கள் செய்வதும் இதுதான். வண்டி கோவிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மருந்துவாழ் மலைக்கு முதுகைக் காட்டி நின்றால் என் மூக்குக்கு நேரே சூசை இருக்கிறான். நீரோட்டம் மேற்கே இழுக்கிறது என்று செலின் சொன்னாள். பலகை விசிறி மாதிரி விரித்துத்தான் வீசும். கொஞ்சம் தள்ளிப் போயிருந்தாலும் அகப்படுவான்.

"போன் என்ன சிம்மு?" என்று மேடம் கேட்டார்.

"ஒங்க சிம்முதான். கடல்ல அதுதான் கொஞ்சமாவது எடுக்கும்."

"அண்ணாச்சி, மேடைப் பலகையைத் திருப்புங்க."

திருப்ப வேண்டுமானால் கம்பத்தை இறக்க வேண்டும். இறக்கினால் எல்லாமே நிற்கும். நேரலை நிற்கும். அதுமட்டும் இல்லை, இன்னொரு சிக்கல் இருந்தது. அதைப் பிடித்தவர் மேடம். திருவிழாக் கூட்டத்துக்கு வைக்கிற வண்டியில் தூரத்து எல்லையைச் சின்னதாக வைத்திருப்பார்கள். அதற்கு வெளியே இருக்கிற போனில் சிக்னல் கோடு காட்டும், ஆனால் அது கதவைத் தட்டினால் டவர் திறக்காது. அந்த எல்லையைத் தலைமைக் கட்டுப்பாட்டு அறையில் இருந்துதான் கூட்ட முடியும். மேடம் அங்கே பேசினார். நான் போல்ட்டைத் தளர்த்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எல்லையைக் கூட்டுங்க. எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவும்... ஆமா, டவரு ஒருவாட்டி நின்னு கிளம்பும், தெரியும்... இப்பவே நிக்கத்தான் செய்யுது, கம்பத்தை எறக்கிட்டோம்... மெயில் வரும். முதல்ல கூட்டுங்க, நான் வைக்க மாட்டேன், லைன்லயே நிக்கேன்... கடலுக்கு எதுக்கா? கடல்ல மூணு ஆளு கெடக்காவ, அதுக்கு."

நேரலை அறுந்ததும் சேவியர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே வந்தார்.

"யாரு கேட்டு எறக்குனிய? கத்தார்ல இருந்து என் மவன் விளிச்சிட்டே இருக்கான், படம் நின்னு போச்சின்னு. காசு கொடுத்துல்லா கூப்பிட்டிருக்கோம்!"

"படம் பெறவு பாத்துக்கலாம்" என்றேன்.

"நீரு ஆருவே பெறவுன்னு சொல்ல?"

"ஸ்பேனரு எங்கையில இருக்கு. அதான் நான்."

அவருக்கு அடிக்க வருகிற கோபம். ஆனால் செலின் பக்கத்தில் நின்றாள். அவளைப் பார்த்ததும் கை இறங்கியது. "நேரலையும் வரணும் பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது செலினிடம், "விளக்கு வச்சிட்டியாட்டி வீட்டுல?" என்று மட்டும் கேட்டார்.

பலகை கீழே பார்த்துச் சாய்ந்திருக்கும், கூட்டம் கீழே இருப்பதால். அதை நிமிர்த்தி நேராக்கினேன். மலைக்கு முதுகைக் காட்டி நின்று, கையை நீட்டி, அந்த நேருக்குப் பலகையை வைத்து முறுக்கினேன். கம்பத்தை ஏற்றினேன். அவசரத்தில் ஸ்டே கம்பியை விட்டுவிடக் கூடாது என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஏற்றினேன். கட்டுப்பாட்டு அறை எல்லையைக் கூட்டிவிட்டது. வண்டிக்குள் டவர் விளக்கு எரிந்தது. மைதானத்தில் எல்லோர் போனும் ஒன்றாகக் கீச்சிட்டது.

செலின் அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி அடித்தாள். அதே குரல். மேடம் அவள் தோளில் கை வைக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. "அடிச்சிட்டே இருங்க" என்றார். அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் முகம் மாறியது. மணி அடிக்கிறது.

"ஓய், நீரு எங்க கெடக்கீரு?"

போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். "ஏட்டி செலினு, கேக்கா?"

"கேக்குவே, கேக்கு. கோயிலு தெரியுதா?"

"கோயிலு முங்கிப் போச்சி. மலை மட்டும் கொஞ்சம் தெரியுது. தண்ணி தீந்து போச்சி. போன்ல சார்ஜும் இல்லட்டி."

"லொக்கேஷன் போடும். பேசாதயும், லொக்கேஷன் போடும்."

வந்தது. ஒரு புள்ளி, நீலக் கடலுக்கு நடுவில். அதை அவள் காட்டியதும் கரையில் நின்ற ஆண்கள் யாரிடமும் கேட்கவில்லை. தேர் இழுக்கப் புது வேட்டி கட்டி நின்றவர்கள். அதே வேட்டியோடு இறங்கி இரண்டு வள்ளத்தைத் தள்ளினார்கள். தேர் நாளில் ஊரே சேர்ந்து வள்ளம் இறக்கியதை அன்றுதான் பார்த்தோம் என்று கிழவர்களே சொன்னார்கள்.

வள்ளம் நகர நகர, புள்ளியும் நகரும். நீரோட்டம் நிற்காது. அதனால் சூசை அடிக்கடி புள்ளி போட வேண்டும். அதைச் செலின் வள்ளத்தில் போனவர்களுக்கு அனுப்ப வேண்டும். எல்லாம் எங்கள் வண்டி வழியாக. வண்டிக்கு உயிர் அந்த வயர் வழியாக.

அப்போதுதான் கோவில் மணி அடித்தது. வெடி போட்டார்கள். தேர் கிளம்பிவிட்டது.

எல்லோரையும் நிறுத்திச் சொல்ல ஆள் இல்லை. கூட்டத்தின் அந்த முனையில் இருப்பவர்களுக்கு இந்த முனையில் நடப்பது தெரியாது. பாட்டும் வெடியுமாகத் தேர் வந்தது. தேருக்கு முன்னால் மரக்கிளையும் தோரணமும் விலக்குவதற்கு நீளமான தொரட்டிக் கம்போடு ஒரு ஆள் நடப்பார். அவர் கம்பு என் வயரைத் தொட்டது.

"அதுல கை வைக்காதயும்!" என்று ஓடினேன்.

சேவியர் முன்னால் வந்தார். "அண்ணாச்சி, பேசுன பேச்சு என்ன? தேரு வந்தா கழட்டணும்லா?"

"பேசுனேன். இப்ப கழட்ட மாட்டேன்."

"தேரு வழியில நின்னா ஊருக்கு ஆகாது, தெரியுமா? ஒருநாளும் நின்னதில்ல!"

"இன்னைக்கு நிக்கட்டும்."

"அறுங்கலே அத!" என்று பின்னால் யாரோ கத்தினான். தொரட்டிக்காரர் என்னைப் பார்த்தார், சேவியரைப் பார்த்தார். நான் வயர் கட்டிய விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன். விழுந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

செலின் கூட்டத்துக்குள் புகுந்து வந்தாள். போனைக் காதில் இருந்து எடுக்கவே இல்லை. தேர்ச் சக்கரத்துக்கு நேர் முன்னால் பட்டுச்சேலையோடு தெருவில் உட்கார்ந்தாள். சேவியரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "மாமா, ஏத்திட்டுப் போங்க."

பாட்டு நின்றது. வடம் பிடித்தவர்களில் ஒரு பெண் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி. பூக்கட்டியபோது பேசியவனின் மனைவியாக இருக்கும், அவனைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். பங்குத்தந்தை பின்னால் இருந்து விலக்கிக்கொண்டு வந்து என்னவென்று கேட்டார். மேடம் சொன்னார். அவர் வடத்தைத் தாமே எடுத்துத் தரையில் வைத்தார்.

"ஃபாதர், தேரு..." என்றார் சேவியர்.

"நிக்கட்டும். ஒருத்தரும் ஓடிப் போக மாட்டாங்க."

தேர் நின்றது. மெழுகுவர்த்திகள் எரிந்தன. நான் கம்பத்தை விட்டு நகரவில்லை. செலின் போனில் கேட்பதும் சொல்வதுமாக இருந்தாள். அவன் போன் அணைந்துவிட்டது என்று ஒருமுறை சொன்னாள். கொஞ்சம் கழித்து வள்ளத்தில் போனவர்களிடமிருந்து விளி வந்தது. கேட்டாள். "கண்டாச்சி. மூணு பேரும் உண்டு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, இனி கழட்டுங்க" என்றாள்.

"கரை ஏறட்டும்" என்றேன். இரண்டு வள்ளம் ஒன்றைக் கட்டி இழுத்து அலைக்குள் வர வேண்டும். நடுவில் எது வேண்டுமானாலும் ஆகலாம். நான் கண்ணால் பார்க்காமல் கழற்றுவதாக இல்லை.

சேவியரும் வேட்டியைச் சேர்த்துப் பிடித்து நடுத்தெருவில் உட்கார்ந்தார். அவர் போன் அடித்தது. கத்தாரில் இருக்கும் மகன். நேரலை எப்போதோ திரும்ப வந்திருந்தது. பூவும் விளக்குமாக நடுத்தெருவில் அசையாமல் நிற்கிற தேரை உலகத்தில் எங்கெங்கோ இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தேரு ஏன்ப்பா நிக்கு?" என்று மகன் கேட்டது எனக்கும் கேட்டது.

"சூசை வாறான் மக்கா" என்றார் சேவியர். "வந்தா இழுப்போம்."

இருட்டுவதற்குள் வந்துவிட்டார்கள். மூன்று பேரும் நடக்க முடியாமல் நடந்து, ஈரத்தோடு தெருவுக்குள் வந்தார்கள். கூட்டம் வழி விட்டது. சூசை பேச வாயைத் திறந்தான். செலின் எழுந்து அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு தன் முந்தானையால் அவன் முகத்தில் இருந்த உப்பைத் துடைத்தாள். அவன் குனிந்து வடத்தை எடுத்தான்.

நான் ஏறி வயரைக் கழற்றினேன்.